மகளுக்குச் சாமத்தியச் சடங்கு: உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

வெல்லெஸ்லி மகள் (ஸ்காபுறோ), ஜனவரி 11

மகளுக்கு 11 வயது நடக்கிறது. கிறிஸ்மஸ் விடுமுறைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா கேட்டார்: "பிள்ளைக்குச் சடங்கு எந்த ஹோலிலை வைக்கப் போறாய்? இப்பவே சொல்லி வைக்காட்டிக் கோடையிலை கிடைக்காது." பிள்ளை இன்னும் பெரியபிள்ளை ஆகவில்லை, முதல் மாதவிடாய் வரவில்லை. பக்கத்தில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "எனக்கு என்ன நடக்கப் போகுது அம்மம்மா?" என்று தமிழிலேயே கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. நான் கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

இரண்டு கிழமையாக இதே யோசனைதான். என் கதையைச் சொன்னால்தான் என் குழப்பம் உங்களுக்கு விளங்கும்.

அப்பா 1988இல் கனடாவுக்கு வந்தார். அம்மாவும் நானும் 1991இல் வந்து சேர்ந்தோம். எனக்கு ஆறு வயது. ரொறன்ரோ நகரின் நடுவில் சென்ற் ஜேம்ஸ் ரவுன் என்று உயர உயரமான மாடிக் கட்டடங்கள் நெருக்கி நிற்கும் ஓரிடம். 83 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்த எங்கள் ஆட்களில் பலருக்குக் கனடாவில் முதல் விலாசம் அதுதான். வெல்லெஸ்லி வீதிப் பக்கம் ஒரு அறை வீடு. அதில் நாங்கள் மூன்று பேர், அப்பாவின் நண்பர்கள் இரண்டு பேர். அப்பாவுக்குப் பகலில் தொழிற்சாலை, இரவில் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வங்கி, பள்ளிக்கூடக் கடிதம், வாடகைக் கந்தோர் என்று எட்டு வயதிலிருந்து எங்கே போனாலும் நான்தான் கூடப் போய்ப் பேசுவேன்.

1996இல் அம்மா ஆறாம் மாதக் கர்ப்பிணி. ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, "வயித்துக்குள்ளை பிள்ளை அசையேல்லை" என்றார். அப்பா வேலையில். நானும் அம்மாவும் பஸ் பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கான் எடுத்தார்கள். பிறகு ஒரு டொக்டர் வந்து, அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். பிள்ளைக்கு இதயத் துடிப்பு இல்லை என்றார். அந்தத் தமிழ்ச் சொல் எனக்குத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பழங்களின் பெயரும் பறவைகளின் பெயரும் படித்திருந்தேன். "அம்மா, பேபிக்கு நெஞ்சு அடிக்கேல்லையாம்" என்றேன். அம்மா என் கையைப் பிடித்தபடி, "சரி பிள்ளை, இனி என்ன செய்ய வேணுமாம் எண்டு கேள்" என்றார். கேட்டேன். அவர்கள் சொன்னதையும் சொன்னேன்.

அடுத்த வருடம் நான் சாமத்தியப்பட்டேன். மாமி வந்து குளியல் தொட்டியில் இருத்தித் தண்ணி வார்த்தார். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் கத்தரிக்காயும் தந்தார்கள். ஐந்து மாதம் கழித்து, கோடையில், ஹோல் எடுத்துப் பெரிய விழா. 280 பேர் வந்தார்கள். அப்பாவின் இரண்டு வேலைக் காசும் அதில் போயிருக்கும். இரண்டு இரண்டு பேராக மாமிமார் ஆலாத்தித் தட்டுத் தூக்கினார்கள். என் சட்டை தைத்தது சின்னம்மா. இரவிரவாக மணி கோத்துத் தைத்தவர், அன்று மேடைக்கு வரவே இல்லை. அவரது கணவரை 1990இல் ஊரில் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அதனால் அவர் தட்டுத் தூக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீடியோவில் ஒரே ஒரு இடத்தில், சாப்பாடு வைத்த மேசைக்குப் பின்னால், அவர் எட்டிப் பார்ப்பது தெரியும்.

அன்று 280 பேரும் "பெரியபிள்ளை ஆயிட்டாய்" என்று வாழ்த்தினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பெரியபிள்ளையானது அதற்கு முந்தைய வருடம், அந்த மருத்துவமனையில். அதை யாரும் கேட்கவும் இல்லை, பேசவும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போது என் மகளுக்கு நான் என்ன செய்வது? செய்தவர்கள், மறுத்தவர்கள் இரு பக்கமும் சொல்லுங்கள். ஆண்களும் எழுதலாம்.

ஈஸ்ட்ஹாம் தங்கச்சி (லண்டன்), ஜனவரி 11

அக்கா, செய்யாதீர்கள்.

எனக்கு 2006இல் செய்தார்கள். எனக்கு மாதவிடாய் வந்த சங்கதி அப்பா வேலை செய்த கடையின் முதலாளிக்குத் தெரியும், வீடியோக்கார அண்ணாவுக்குத் தெரியும், டியூஷன் ரீச்சருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரத் தோழி ஒருத்தியையும் அம்மா அழைத்திருந்தார். வழியில் அவள் என்னிடம், இது என்ன பிறந்தநாளா என்று கேட்டாள். ஆம் என்று பொய் சொன்னேன். மேடையில் எழுதியிருந்ததை அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் அந்த நாள் முழுக்க இருந்தேன். பிறகு யாரோ அவளுக்கு விளக்கிவிட்டார்கள்.

என் உடம்பின் செய்தியை நான் சொல்லுமுன் ஊருக்குச் சொன்னார்கள். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இருவருக்கும் செய்யமாட்டேன் என்று கணவரிடமும் மாமியிடமும் சொல்லிவிட்டேன்.

நல்லூர் மாமி (ஸ்காபுறோ), ஜனவரி 12

வெல்லெஸ்லி மகளே, உங்கள் தாயின் வயதுதான் எனக்கும் இருக்கும். நான் 1989இல் வந்தேன். சென்ற் ஜேம்ஸ் ரவுனில் நாலு வருடம் இருந்தேன். உங்கள் அம்மாவை லிஃப்டில் கண்டிருப்பேனோ தெரியாது.

ஊரில் இது வீட்டு முற்றத்துக் காரியம். பிள்ளையை ஒரு அறையில் விட்டு, தலைமாட்டில் இரும்பும் வேப்பிலையும் வைத்து, துடக்குக் கழிக்கும்வரை அக்கம்பக்கத்துப் பெண்கள் மாறி மாறி வந்து இருப்பார்கள். பலகாரம் சுடுவார்கள், பாட்டுப் படிப்பார்கள். வீட்டில் கலியாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்வதும் அதுதான். அதை நான் மறைக்கமாட்டேன். அந்தக் காலத்தில் அதற்காகத்தான் செய்தோம்.

ஆனால் இங்கே வந்த பிறகு அது வேறொன்றாகிவிட்டது. எனக்கு 32 வயதில் மூன்று தங்கச்சிமாரும் மூன்று நாட்டில். ஒருத்தி கொழும்பில், ஒருத்தி பாரிஸில், ஒருத்தி வன்னியில். அண்ணனை வெளியே அனுப்ப என் காப்பும் சங்கிலியும் ஏஜென்சிக்காரனுக்குப் போனது. 1998இல் என் மகளுக்குச் சடங்கு வைத்தபோதுதான் ஊரை விட்டு வந்தபின் முதல் தடவை தங்கம் வாங்கினேன், முதல் தடவை என் ஊர்ச் சனம் 40 பேரை ஒரே இடத்தில் கண்டேன். அதுவரை செத்தவீட்டுச் செய்தியைத் தொலைபேசியில் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அழுவதற்குக்கூட ஒன்றாகச் சேரவில்லை. யார் எவ்வளவு தந்தார்கள் என்று எழுதிய கொப்பி இப்போதும் என்னிடம் உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் திருப்பிக் கொடுத்து முடிக்க 15 வருடம் எடுத்தது. எங்களுக்குச் சீட்டும் வங்கியும் உறவும் எல்லாம் அந்தக் கொப்பிதான்.

ஹெலிகொப்டரில் பிள்ளையை இறக்குவது, பல்லக்கில் தூக்குவது எல்லாம் பிறகு வந்தது. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

உங்கள் சின்னம்மாவை எட்ட நிறுத்தியது பிழை. நானும் அப்படி ஒரு பெண்ணை எட்ட நிறுத்தியிருக்கிறேன். என் சொந்த மச்சாள். போன வருடம் அவள் இறந்துபோனாள். இங்கே எழுதும்போது கை நடுங்குகிறது.

மதுரைக்காரி, ஜனவரி 12

நான் மதுரைப் பக்கம். வெளிநாடு போனதில்லை, ஆனாலும் எழுதத் தோன்றியது.

எங்கள் பக்கம் மஞ்சள் நீராட்டு, சடங்கு என்று சொல்வோம். தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டுவார், சீர்வரிசைத் தட்டோடு மேளம் அடித்து வருவார். இப்போது தெருமுனையில் ஃபிளெக்ஸ் பேனரும் உண்டு. என் அக்காவுக்கு ஊரே மெச்சும்படி செய்தார்கள். அப்புறம் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். சீர் கொண்டுவந்த மாமாவுக்கே 17 வயதில் கட்டிக் கொடுத்தார்கள்.

மாமி சொன்ன "ஊரைச் சேர்த்துப் பார்ப்பது" எனக்குப் புரிகிறது. உங்களுக்கு அங்கே அது தமிழாக இருப்பதன் அடையாளம். எங்களுக்கு அது கதவைச் சாத்திய நாள். அதே சடங்குதான். செய்யும்போது உங்கள் மகளிடம் இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கோவைப் பெண் (ஒன்ராறியோ), ஜனவரி 14

எனக்கும் 2010இல், 12 வயதில், விடுமுறைக்குக் கோவை போனபோது மாமா சீர் செய்தார். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. பட்டுப் பாவாடை, நாட்டுச் சர்க்கரை போட்ட உளுந்தங்களி, பாட்டியின் மடி. அதில் எனக்குக் குறை இல்லை. நான் சொல்ல வந்தது வேறு வயதைப் பற்றி.

நாலு வயதில், 2002இல், அப்பா அம்மாவோடு நியூஜெர்சி போனேன். அப்பா ஹெச்-1பி என்ற வேலை விசாவில், நான் அவர் பிள்ளை என்ற முறையில் ஹெச்-4 விசாவில். அந்த விசாவில் இருக்கும் பிள்ளை வேலை செய்யக் கூடாது. 16 வயதில் கூடப் படித்தவர்கள் எல்லாம் கோடைக்கு ஐஸ்கிரீம் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். வீட்டில் விடமாட்டார்கள் என்று சொல்லிவைத்தேன். "இந்தியப் பெற்றோர் கண்டிப்பானவர்கள்" என்று தோழிகள் தலையாட்டினார்கள். தடுத்தது அப்பா இல்லை, விசா. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

21 வயது ஆனால் அந்த விசாவும் போய்விடும். பெற்றோரின் கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் பிள்ளை என்ற இடம் போய்விடும். வேலை வழியாகத் தரும் கிரீன் கார்டில் ஆண்டுக்கு எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால், இந்தியர்களின் வரிசை நகரவே நகராது. சிறு வயதில் சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளுக்கு 2012இல் ஒபாமா அரசு கொண்டுவந்த பாதுகாப்பு, சட்டப்படி வந்த எங்களுக்குப் பொருந்தாது. விண்ணப்பம் நிலுவையில் இருந்த காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிக்கும் ஒரு கணக்கு 2002 சட்டத்தில் இருக்கிறது. அது எனக்கு உதவவில்லை.

20 வயதில் நான் எஃப்-1 மாணவி ஆனேன். படிப்பு முடிந்தால் ஊர் திரும்பும் எண்ணம் உண்டு என்று காட்ட வேண்டும். எந்த ஊர்? நாலு வயதுவரை இருந்த ஊரா? நியூஜெர்சியில் வளர்ந்த நான் என் கல்லூரியில் வெளிநாட்டு மாணவியின் கட்டணம் கட்டினேன். படிப்புக்குப் பின் ஹெச்-1பி குலுக்கலில் மூன்று தடவை பெயர் வரவில்லை. இப்போது கனடாவில் நிரந்தர வதிவிடம் வாங்கி வேலை செய்கிறேன். அப்பா அம்மா இன்னும் நியூஜெர்சியில். கார் ஓட்டினால் ஒன்பது மணி நேரம்.

என் 21வது பிறந்தநாளுக்கு அம்மா கேக் வாங்கவில்லை. கோயிலுக்குப் போய் வந்து, இருவரும் பேசாமல் ரசம் சாதம் சாப்பிட்டோம். நான் பெரியவளான நாள் அதுதான் அக்கா. நீங்கள் மருத்துவமனையில் நின்றதைப் படித்ததும் இதை உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

பின்மார்க் மகள் (ஒஸ்லோ), ஜனவரி 15

அப்பா 1987இல் நோர்வேயின் வடக்கு முனை, பின்மார்க்கில் மீன் தொழிற்சாலைக்கு வந்தார். நான் பிறந்தது அங்கேதான். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாத ஊர். பிறகு ஒஸ்லோவுக்கு வந்தோம். எங்களைப் போலப் பல குடும்பங்கள் அந்த வழியே வந்தவைதான். 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரான கம்ஷாஜினி குணரத்தினமும் சிறு வயதை வடக்கில் கழித்தவர். அவரைத் தொலைக்காட்சியில் பார்த்து அப்பா அழுதது ஞாபகம் இருக்கிறது.

இங்கே நோர்வே பிள்ளைகளுக்கும் ஒரு சாமத்திய வீடு உண்டு என்று நான் சொல்வேன். 14, 15 வயதில் "கொன்ஃபிர்மாஷூன்". தேவாலயத்தில் செய்வார்கள். மதம் வேண்டாம் என்பவர்களுக்கு 1951இலிருந்து குடிமை முறையிலும் நடக்கிறது. "பூனாட்" என்ற ஊர் உடுப்பு உடுத்து, உறவுகள் கூடி, விருந்து வைத்து, காசு கொடுத்து... எங்கள் ஆட்களின் ஹோலுக்குள் வந்ததுபோல இருக்கும். ஆனால் இரண்டு வித்தியாசம். ஆண் பிள்ளைக்கும் உண்டு. குடிமை முறையில் அதற்கு முன் சில மாதம் வகுப்பு இருக்கும்: மனித உரிமை, அறம், காதல், உடம்பு எல்லாம் பேசுவார்கள்.

எனக்கு 12இல் சடங்கு செய்தார்கள். 15 வயதில், 2005இல், எனக்கு இதுவும் வேண்டும் என்று கேட்டேன். அம்மா பயந்தார், மதம் மாறப் போகிறேன் என்று. அப்பாதான் தாளை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். தோழிகள் பூனாட்டில் வந்தார்கள், நான் சேலையில் போனேன். அந்த வகுப்பில் முதல் தடவை ஒரு பெரிய ஆள் என்னைப் பார்த்து, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். சடங்கு மேடையில் நான் நாலு மணி நேரம் இருந்தேன். ஒரு வசனம் பேசியதாக வீடியோவில் இல்லை.

மே 10 (மார்க்கம்), ஜனவரி 15

எனக்குச் சடங்கு நடக்கவில்லை. நான் கனடாவில் பிறந்தவள், வீட்டில் நாலாவது, காசும் இல்லை. ஒருவருக்கும் அது குறையாகவும் தெரியவில்லை.

2009 மே 10. ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்தது. அம்மாவின் தம்பி குடும்பம் அங்கே இருந்தது, மூன்று கிழமையாகத் தொடர்பு இல்லை. போரை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலைக்குள் நாங்கள் ஏறி இறங்காமல் இருந்தோம். எனக்கு 19 வயது. தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருந்த தாய்மாரும் அங்கே நின்றார்கள். நான் வீட்டில் சொல்லாமல் போயிருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தால், என் அம்மா குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு, காரே ஓடாத அந்த ரோட்டில் என்னை நோக்கி நடந்து வருகிறார். எனக்குச் சொல்லாமல் அவரும் வந்திருக்கிறார். கையில் வைத்திருந்த பணிஸைப் பிய்த்துப் பாதி எனக்குத் தந்தார்.

மறுநாள் வானொலியில் தொலைபேசி எடுத்தவர்கள், இவர்களை இவர்களின் நாட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். நான் பிறந்த மருத்துவமனை அந்த ரோட்டிலிருந்து 20 நிமிடம். அதுவரை நான் என்னைக் கனேடியப் பிள்ளை, வீட்டில் மட்டும் தமிழ் என்று நினைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் போர் முடிந்தது என்றார்கள். மாமா குடும்பத்தில் ஒரு பிள்ளைதான் மிச்சம்.

இப்போது ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் என்று ஒன்ராறியோவில் 2014இல் வந்த சட்டப்படி கொண்டாடுகிறோம். மகன் பள்ளிக்கூடத்தில் பொங்கல் வைக்கிறார்கள். அது எனக்குச் சந்தோஷம். ஆனால் எனக்கு ஒரு சடங்கு நடந்தது என்றால், அது அந்த ரோட்டில் அம்மா தந்த பாதிப் பணிஸ்தான்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா (மொன்றியல்), ஜனவரி 17

ஆண்களும் எழுதலாம் என்றதால் ஒன்று சொல்கிறேன்.

எங்கள் முறைப்படி என் பெயர்தான் என் மகளின் கடைசிப் பெயர். அவளைப் பள்ளிக்கூடத்திலும் வேலையிலும் என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு என் தகப்பனின் பெயர் கடைசிப் பெயர் என்பதால், தாளில் நானும் அவளும் வேறு வேறு குடும்பம். எல்லையில் ஒரு தடவை, இவள் உன் மகளா என்று கேட்டு ஒரு மணி நேரம் வைத்திருந்தார்கள். அவளுக்கு அப்போது ஏழு வயது. அதிகாரி கேட்க முதலே பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எங்கள் பெயர் முறையை விளக்கினாள். நான் ஒன்றும் பேசவில்லை. பெருமையாக இருந்தது. உங்கள் கதையை வாசித்த பிறகுதான், அந்தப் பிள்ளைக்கு அன்று எவ்வளவு பயமாக இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். நேற்று அவளிடம் கேட்டேன். 24 வயது இப்போது. "உங்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன் அப்பா" என்றாள்.

வெல்லெஸ்லி மகள், பெப்ரவரி 8

எல்லாவற்றையும் வாசித்தேன். கோவைப் பெண்ணே, ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ரசம் வைக்கிறேன்.

மொன்றியல் அண்ணா மகளிடம் கேட்டதை வாசித்ததும், நான் அம்மாவிடம் கேட்காமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. போன ஞாயிறு போனேன். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். "1996இல் ஆஸ்பத்திரியில் நடந்தது ஞாபகம் இருக்கா?" என்றேன். இத்தனை வருடத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அம்மா கத்தியை வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"டொக்டர் வாய் திறக்க முதலே எனக்கு விளங்கிட்டுது. ஸ்கான் எடுத்த பெட்டை திரையை அங்காலை திருப்பின உடனை விளங்கிட்டுது. உன்னை வெளியாலை விடுங்கோ எண்டு சொல்ல எனக்கு இங்கிலீஷ் தெரியேல்லை. அதைச் சொல்லச் சொல்லியும் உன்னட்டைத்தானே கேட்க வேணும்."

நான் அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்:

"அண்டைக்கு நீ எனக்குத் தாய் மாதிரி நிண்டனீ. பிறகு ஒரு வருசமா நீ விளையாடப் போகேல்லை. பள்ளிக்கூடத்தாலை வந்து என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டே இருப்பாய். நீ பெரியபிள்ளையான அண்டு மாமி உன்னைத் தொட்டியிலை இருத்தித் தண்ணி வார்த்து, தலை துடைச்சு, களி தீத்திவிட்டா. அப்பதான் நீ திரும்ப எனக்குப் பிள்ளையாத் தெரிஞ்சாய். அதுக்குத்தான் அவ்வளவு பெரிசாச் செய்தனான். உன்னை ஒருக்கா இருத்தி வைச்சு, எல்லாரும் உன்னைப் பாக்க வேணும் எண்டு."

என்னைப் பெரியவளாக்கத்தான் அவ்வளவும் செய்தார்கள் என்று இத்தனை காலமும் கோபப்பட்டேன். அம்மா செய்தது நேர் மாறான காரியம்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஈஸ்ட்ஹாம் தங்கச்சி சொன்னது அப்படியே உண்மை, மதுரைத் தங்கையின் அக்காவுக்கு நடந்ததும் உண்மை. சின்னம்மாவின் விஷயமும் அப்படியே நிற்கிறது. அம்மாவிடம் அதையும் கேட்டேன். "சனம் சொல்லிச்சுது, நான் எதிர்த்துக் கதைக்கேல்லை" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இரவு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சடங்கு என்றால் என்ன, ஏன் தொடங்கியது, யாரை எட்ட நிறுத்தினார்கள், எனக்கு என்ன நடந்தது, எல்லாம். தம்பியோ தங்கையோ ஒரு பிள்ளை வராமல் போனதும் சொன்னேன். நெடுநேரம் கேள்வி கேட்டாள். கடைசியில் அவள் சொன்னது: ஹோல் வேண்டாம். படம் எடுத்து எங்கேயும் போடக் கூடாது. தண்ணி வார்ப்பது பரவாயில்லை, ஆனால் நீச்சல் உடுப்பு போட்டிருப்பேன். வந்தால் உங்களுக்கு மட்டும் சொல்வேன், அம்மம்மாவுக்கு நான்தான் சொல்லுவேன், நீங்கள் சொல்லக் கூடாது. அண்ணாவுக்கு ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று அவனிடமே கேட்கப் போகிறேன்.

கேட்டாள். அவனுக்கு 14 வயது. எனக்கும் களி வேண்டும் என்றான்.

ஈஸ்ட்ஹாம் தங்கச்சி, பெப்ரவரி 9

அக்கா, உங்கள் அம்மா சொன்னதை இரண்டு தடவை வாசித்தேன். என் முடிவு மாறவில்லை. என் பிள்ளைகளுக்குச் செய்யமாட்டேன். ஆனால் என் அம்மாவிடம் நான் ஒருபோதும் ஏன் என்று கேட்டதில்லை. ஏன் செய்தீர்கள் என்று கத்தியிருக்கிறேன், அது கேள்வி இல்லை. இந்த வார விடுமுறைக்குப் போகிறேன்.

வெல்லெஸ்லி மகள், மார்ச் 14

நேற்று வந்தது.

மகள் இதை இங்கே எழுதச் சம்மதம் தந்திருக்கிறாள், பெயர் இல்லாமல். பள்ளிக்கூடத்தால் வந்து என்னிடம் சொன்னாள். அரை மணி நேரம் கழித்துத் தானே அம்மம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். தமிழில் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்கவில்லை. "அம்மம்மா, எனக்கு வந்திட்டுது. நீங்கள் சத்தம் போடக் கூடாது" என்றாள். மறுமுனையில் அம்மா சத்தம் போடாமல் இருக்கப் பட்ட பாடு எனக்கு இங்கே கேட்டது.

நாளை காலை வீட்டிலேயே தண்ணி வார்க்கிறோம். 11 பேர். மகளே எழுதிய பட்டியல். அவளுடைய கூடைப்பந்துப் பயிற்சி அக்காவும் அதில் இருக்கிறார். சின்னம்மாவைக் கூப்பிடப் போனேன். முதல் ஆளாகத் தண்ணி வார்க்க வேண்டும் என்றேன். அவர் தன் கழுத்தில் கை வைத்து, "நான் தாலி கழட்டேல்லை பிள்ளை. கழட்டச் சொல்லி எனக்கு ஒருத்தரும் கடிதம் தரேல்லை. அண்டைக்கு என்னை விதவை எண்டு முடிவெடுத்தது அவை" என்றார். வருவாரா என்று கேட்டேன். உளுத்தம்மா வறுக்க இன்றிரவே வருவதாகச் சொன்னார். தண்ணி வார்ப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் திரும்பக் கேட்கவில்லை. செம்பை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைப்பேன்.

ஒரு அவசர உதவி: அம்மா அறுகம்புல் இல்லாமல் முடியாது என்கிறார். மூன்று தமிழ்க் கடையிலும் இல்லை. வெளியே எல்லாம் பனி. ஸ்காபுறோவில் யாரிடமாவது இருக்கிறதா?

நல்லூர் மாமி, மார்ச் 14

என் வீட்டில் பிள்ளையாருக்கென்று ஒரு தொட்டியில் வளர்க்கிறேன். யன்னலோரம் நிற்கிறது, பச்சையாகத்தான் இருக்கிறது. மோர்னிங்சைட், ஷெப்பர்ட் சந்திக்குக் கிட்ட. தனிச் செய்தியில் விலாசம் அனுப்பியிருக்கிறேன். இரவு 11 மணிவரை முழித்திருப்பேன். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், அவளே பிடுங்கட்டும்.